பூனைமுடியும் மங்கும்

பெண்ணின் முகத்தில் முடி முளைக்கும் குழிகளின் எண்ணிக்கை, ஆணின் முகத்தில் உள்ளதற்குக் கிட்டத்தட்டச் சமம். கருவில் இருக்கும்போதே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. பிறந்தபின் புதிதாக ஒரு குழியும் உண்டாவதில்லை. ஆணுக்கு மீசை உண்டு, பெண்ணுக்கு இல்லை என்று கண்ணுக்குத் தெரிவதெல்லாம் முடியின் தடிமனும் நிறமும் செய்யும் வேலை. பெண்ணின் மேலுதட்டிலும் தாடையிலும் இருப்பது நிறமி ஏறாத, இரண்டு மில்லிமீட்டரைத் தாண்டாத மென்மயிர். பேச்சுவழக்கில் பூனைமுடி. ஆண்ட்ரஜன் எனப்படும் ஹார்மோன்களின் தூண்டுதல் கூடினால் அதே குழி தடித்த, கறுத்த முடியைத் தரத் தொடங்கும். ஒருமுறை அப்படி மாறிய குழி, தூண்டுதல் குறைந்தபிறகும் பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. முகமுடிக்குச் செய்யும் வைத்தியம் எதுவானாலும் இந்த வரம்புக்குள்தான் நடக்கிறது.

ஆண்ட்ரஜன்களை 'ஆண் ஹார்மோன்' என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெண்ணின் சினைப்பையிலும் சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே ஊறுகிறது. மீதி கொழுப்பிலும் தோலிலும் வேறு ஹார்மோன்களிலிருந்து உருமாறி வருகிறது. அளவு ஆணுக்கு இருப்பதில் பதினைந்திலோ இருபதிலோ ஒரு பங்குதான். ஆனால் அது இல்லாமல் பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரஜனே உருவாகாது, ஏனென்றால் ஆண்ட்ரஜனைக் கொண்டுதான் உடல் ஈஸ்ட்ரஜனைச் செய்கிறது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை, மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றப்படும் வேளையில், அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து காட்சி தந்துவிட்டுத் திரும்புகிறார். அந்தத் திருவுருவத்தில் ஆண்பாதிக்கும் பெண்பாதிக்கும் நடுவே நேர்கோடு ஓடுகிறது. உடலின் வேதியியலில் அப்படிக் கோடு கிழிக்க இடமில்லை. இரண்டும் ஒரே பானையில் கொதிக்கின்றன.

தோலுக்குள் வந்த டெஸ்டோஸ்டிரோனை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. முடிக்குழியைத் தூண்டுவது முக்கியமாக இதுதான். இந்த நொதியின் சுறுசுறுப்பு ஆளுக்கு ஆள், குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருந்தும், மாதவிலக்கு தேதி தவறாமல் வந்தும், மீசை மட்டும் அரும்புகிற பெண்கள் இருப்பதற்குக் காரணம் இதுவே. அம்மாவுக்கும் அத்தைக்கும் இருந்தால் மகளுக்கும் இருப்பது பெரும்பாலும் நோயின் அறிகுறி ஆகாது.

எவ்வளவு இருந்தால் மிகை? லண்டனில் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் 1961-இல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார்கள். இன்று புழக்கத்தில் இருப்பது 1981-இல் திருத்தப்பட்ட வடிவம். மேலுதடு, தாடை, மார்பு, மேல்வயிறு, அடிவயிறு, மேல்முதுகு, கீழ்முதுகு, மேற்கை, தொடை என ஒன்பது இடங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுக் கூட்டுவார்கள், மொத்தம் 36. எட்டு அல்லது அதற்கு மேல் வந்தால் மிகைமுடி என்பது பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு. கிழக்காசியப் பெண்களுக்கு இந்த வரம்பு குறைவு. எண் எதுவானாலும், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வந்த முடியைப் பற்றி மருத்துவர் அவ்வளவாகப் பதறுவதில்லை. சில மாதங்களுக்குள் சட்டென்று அடர்ந்து, அதோடு குரல் தடித்து, உச்சந்தலை வழுக்கை விழுந்து, மாதவிலக்கும் நின்றுபோனால் கதை வேறு. சினைப்பையிலோ அட்ரினலிலோ ஆண்ட்ரஜன் சுரக்கும் கட்டி இருக்கலாம் என்ற ஐயத்தோடு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். அரிதுதான் என்றாலும் காத்திருக்கக் கூடாத நிலை இது. வலிப்புக்கு எடுக்கும் ஃபெனிடாயின், உறுப்பு மாற்றியவர்களுக்கான சைக்ளோஸ்போரின், முடி கொட்டுவதற்குத் தலையில் தடவும் மினாக்ஸிடில் போன்ற மருந்துகளும் முகத்தில் முடி வளர்க்கும். தலைக்கு வாங்கியது கன்னத்தில் பலன் தருவது மருந்துக்கடைக்காரருக்கும் புதிய செய்தியல்ல.

மிகைமுடியோடு வரும் பெண்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் ஒரே நோய்க்குள் அடங்குகிறார்கள். ஊரில் அதன் பெயர் 'நீர்க்கட்டி' அல்லது பிசிஓடி. பெயரில் உள்ள கட்டி உண்மையில் கட்டி கிடையாது. முதிர்ந்து வெளியேற வேண்டிய கருமுட்டைப் பைகள் பாதியில் நின்று ஸ்கேனில் முத்துக்கோத்தாற்போலத் தெரிவது அது. சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் இருவரும் 1935-இல் ஏழு பெண்களை வைத்து இதை விவரித்தார்கள் என்பது பாடப்புத்தக வரலாறு. ஆனால் அதற்கும் முன்னால், 1921-இல், பாரிஸில் அஷார், தியர் என்ற மருத்துவர்கள் 'தாடி முளைத்த பெண்களின் சர்க்கரை நோய்' என்று ஒரு கட்டுரை எழுதியிருந்தார்கள். முகத்து முடிக்கும் ரத்தச் சர்க்கரைக்கும் என்ன உறவு என்று வெகுகாலம் யாருக்கும் புரியவில்லை. உறவின் பெயர் இன்சுலின் என்பது 1980-களில்தான் தெளிவானது.

உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சினைப்பையைத் தட்டி ஆண்ட்ரஜனைக் கூட்டுகிறது. இன்னொரு பக்கம், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் அது குறைத்துவிடுகிறது. வரவு கூடி, காவலும் தளர்கிறது. இதே இன்சுலின் பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போன்ற கரும்படலத்தை விரிக்கிறது. இந்தியத் தோலில் இது நெற்றியோரத்திலும் கன்னமேட்டிலும்கூடப் படரும். அழுக்கு என்று எண்ணிக் கழுத்தைத் தேங்காய் நாரால் தேய்க்கும் பெண்ணுக்குத் தேவைப்படுவது சர்க்கரைப் பரிசோதனை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. அந்தப் பின்னணியில் பார்த்தால் மேலுதட்டு முடி வெறும் அழகுப் பிரச்சினையாகத் தெரியாது.

உள்ளிருந்து செய்யும் சிகிச்சை இங்கிருந்து தொடங்குகிறது. உடல் எடை அதிகமாக இருப்பவர்கள் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே மாதவிலக்கு ஒழுங்குக்கு வருவது சாதாரணமாகக் காணப்படுவது. ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரை அந்தக் காவல் புரதத்தைக் கூட்டி, சினைப்பையின் சுரப்பையும் அடக்குகிறது. ஸ்பைரனோலாக்டோன் பழைய ரத்தக்கொதிப்பு மாத்திரை. ஆண்ட்ரஜன் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்வது அதன் பக்கவேலை, இங்கே அதுவே முதல்வேலை. வயிற்றில் இருக்கும் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சியை அது கெடுக்கக்கூடும் என்பதால் கருத்தடை இல்லாமல் கொடுப்பதில்லை. எந்த மாத்திரையும் பலன் காட்ட ஆறு மாதம் ஆகும். முளைத்து நிற்கும் முடி தன் சுற்றை முடித்து உதிர்ந்து, அடுத்த முடி மெலிந்து வருவதற்கு அவ்வளவு காலம் வேண்டும். இரண்டாம் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அந்த ஆறு மாதமும் முகத்தை என்ன செய்வது? பார்லரில் நூல் போட்டு எடுப்பதும் வாக்ஸிங்கும் வேரோடு பிடுங்குபவை. நான்கைந்து வாரம் தாங்கும். நூல் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போனால் மருக்களும் கூடவே போகும். தோல் கறுத்தவர்களுக்குப் பிடுங்கிய இடம் புண்ணாகி, புண் ஆறிய இடம் கறுப்புத் தழும்பாக நிற்பதும் உண்டு. ப்ளீச் முடியின் நிறத்தை மட்டும் எடுக்கிறது. மாநிற முகத்தில் பொன்னிற முடி கறுப்பு முடியைவிட எடுப்பாகத் தெரிவதைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். சவரம் எல்லாவற்றிலும் எளியது. ஆனால் 'சிரைத்தால் தடித்து வளரும்' என்ற பயம் பெண்களை அதன் பக்கம் வரவிடுவதில்லை. குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி அடர்த்தியாக வரும் என்று நம்பிக் கோயிலுக்கு அழைத்து வரும் பெற்றோரின் நம்பிக்கையும் இதே நம்பிக்கைதான், ஆசை மட்டும் எதிர்த்திசையில். அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் ட்ராட்டர் 1928-இல் இதை அளந்தே பார்த்தார். சவரம் முடியின் தடிமனையும் மாற்றவில்லை, வளரும் வேகத்தையும் மாற்றவில்லை. வெட்டிய நுனி மழுங்கி இருப்பதால் கைக்கு முரடாகப் படுகிறது, அவ்வளவுதான். தலைமுறைக்கு ஒருமுறை இந்த உண்மை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு, மறக்கப்படுகிறது.

பூச்சாகத் தடவி முடி நீக்கும் கலை மிகப் பழையது. மேற்காசியாவிலும் இந்தியாவிலும் அரிதாரத்தைச் சுண்ணாம்போடு குழைத்துப் பூசினார்கள். அரிதாரம் மஞ்சள் நிறமான ஆர்செனிக் சல்ஃபைடு, கொடிய நஞ்சு. சல்ஃபைடும் காரமும் சேர்ந்து முடியின் கெரட்டினைப் பிணைக்கும் கந்தகக் கண்ணிகளை உடைத்துவிட, முடி கூழாகிவிடும். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையும் அதைச் சுற்றிய ஊர்களும் தெருக்கூத்துக்குப் பெயர்போனவை. அங்கே மீசையை மழித்துப் பெண்வேடம் கட்டும் ஆண்கள் முகத்தில் ஏறும் ஒப்பனைக்கும் அரிதாரம் என்றே பெயர். பொருள் மாறிவிட்டது, சொல் தங்கிவிட்டது. இன்றைய முடிநீக்கும் க்ரீம்களில் ஆர்செனிக் கிடையாது. தயோகிளைகோலேட் என்ற உப்பு அதே கந்தகக் கண்ணியை உடைக்கிறது. மேலுதட்டில் சொன்ன நிமிடத்துக்கு மேல் விட்டால் முடியோடு தோலும் போகும்.

மஞ்சள் பூசிக் குளித்தால் முகத்தில் முடி வராது என்பதில் எவ்வளவு உண்மை? மஞ்சளின் நெருங்கிய உறவான, உள்ளே நீலம் ஓடிய ஒரு கிழங்கின் எண்ணெய் அக்குள் முடியின் வளர்ச்சியை ஓரளவு மெதுவாக்கியதாகத் தாய்லாந்து ஆய்வாளர்கள் 2017-இல் காட்டினார்கள். அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் மேலே சொன்ன 5-ஆல்ஃபா ரிடக்டேஸைத் தடுக்கின்றன. பாட்டிமார் சொன்னதில் ஒரு விதை இருக்கிறது என்று கொள்ள அது போதும். தடித்துவிட்ட முடியை மஞ்சள் விரட்டும் என்று கொள்ளப் போதாது. கடையில் கஸ்தூரி மஞ்சள் என்று விற்பவை எல்லாம் ஒரே செடியின் கிழங்கு அல்ல என்பது இன்னொரு சிக்கல்.

முடி வளர்வதையே மெதுவாக்கும் மேல்பூச்சு ஒன்று மருத்துவத்தில் உண்டு, எஃப்லோர்னிதின். அதன் கதை வேறெங்கோ தொடங்குகிறது. புற்றுநோய்க்கென ஆராயப்பட்டு, ஆப்பிரிக்காவில் தூக்கநோய் முற்றி நினைவிழந்தவர்களை எழுப்பி உட்காரவைத்த மருந்து அது. வாங்குபவர்கள் ஏழைகள் என்பதால் லாபமில்லை என்று 1990-களின் நடுவில் உற்பத்தி நின்றது. 2000-இல் அமெரிக்காவில் அதே மூலக்கூறு பெண்களின் முகமுடிக்கான க்ரீமாக அனுமதி பெற்றது. மேலுதட்டுக்குக் கிடைக்கும் மருந்து உயிருக்குக் கிடைக்கவில்லையே என்று எழுந்த கண்டனத்துக்குப் பின், 2001-இல் உலக சுகாதார நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட்டுத் தூக்கநோய்க்கான ஊசி மறுபடி கிடைத்தது. க்ரீம் முடியை அகற்றாது; குழியில் செல்பெருக்கத்துக்கு வேண்டிய நொதியைத் தடுத்து வளர்ச்சியைத் தாமதிக்கும். எட்டு வாரத்தில் தெரியும், நிறுத்திய எட்டு வாரத்தில் போய்விடும்.

நிலையாக அழிப்பது மின்னூசி. 1875-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சார்ல்ஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்நோக்கி வளர்ந்து கருவிழியைக் குத்தும் இமைமுடியைத் தீய்க்க இதைக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு குழியாக ஊசி இறக்க வேண்டும். தாடை முழுவதற்கும் பொறுமை வேண்டும், செய்பவருக்கும் படுத்திருப்பவருக்கும். லேசரின் தத்துவத்தை 1983-இல் ஆண்டர்சன், பேரிஷ் இருவரும் எழுதினார்கள். கறுப்பு நிறமி உறிஞ்சும் அலைநீளத்தில், நொடியின் மிகச்சிறு பங்குக்கு ஒளியைப் பாய்ச்சினால், முடி மட்டும் சூடேறிக் குழி வெந்துவிடும். சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். இதை முதலில் சோதித்தது வெள்ளைத் தோலில். தமிழ்நாட்டு முகத்தில் தோலின் மேலடுக்கிலேயே நிறமி நிறைந்திருப்பதால் ஒளியை முதலில் தோலே வாங்கிக்கொள்கிறது. கொப்புளமும் தழும்பும் அப்படி வருபவை. 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் மேலடுக்கைக் கடந்து ஆழத்துக்குப் போவதால் கறுத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பு. எந்த இயந்திரம், எந்த அலைநீளம் என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

லேசர் வளர்பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே பிடிக்கும் என்பதால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு, எட்டு அமர்வுகள் தேவைப்படுகின்றன. இடையில் நூல் போடக்கூடாது. பிடுங்கிவிட்டால் ஒளி பிடிக்க முடியே இருக்காது. சிரைக்கலாம். நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் மட்டும் செய்வது ஓட்டைப் படகில் நீர் இறைப்பதுதான். பக்கத்துப் பூனைமுடிகள் தங்கள் முறைக்குத் தடித்துக்கொண்டே இருக்கும். சிலருக்கு, குறிப்பாகக் கறுத்த தோலும் ஹார்மோன் கோளாறும் சேர்ந்தவர்களுக்கு, லேசரின் மிதமான சூடே மென்மயிரைத் தூண்டித் தாடையோரம் புதுமுடியை வளர்ப்பதும் பதிவாகியிருக்கிறது.

முடியிலிருந்து நிறத்துக்கு வருவோம். கன்னமேடு, மூக்குத்தண்டு, நெற்றி, மேலுதடு ஆகியவற்றில் இருபுறமும் ஒத்தாற்போலப் படரும் பழுப்புத் திட்டு மங்கு. கர்ப்பத்தின்போதும் கருத்தடை மாத்திரை எடுக்கும்போதும் வருவதால் ஈஸ்ட்ரஜனுக்குப் பங்கு உண்டு; குடும்ப வழியும் உண்டு; எல்லாவற்றுக்கும் தீக்குச்சி உரசுவது வெயில். திருவண்ணாமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகையில் இருக்கிறது. சித்திரையின் முதல் பாதியிலும் ஆவணித் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே நின்று நிழலை விழுங்கிவிடும். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றும் கூட்டம் பெரும்பாலும் இரவில் நடப்பதால் நிலவொளியில் மங்கு வராது என்று ஆறுதல் கொள்ளலாம். கடலைக்காட்டில் களையெடுப்பவர்களுக்கும் கட்டடவேலைச் சித்தாள்களுக்கும் அந்தச் சலுகை இல்லை.

கறுத்த தோலில் மங்கை வளர்ப்பது புற ஊதாக்கதிர் மட்டும் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2010 முதல் வந்த ஆய்வுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக அதன் நீல-ஊதாப் பகுதி, மாநிறத் தோலில் வாரக்கணக்கில் நிற்கும் கருமையை உண்டாக்குவதைக் காட்டின. வெளுத்த தோலில் அது நிகழவில்லை. இதன் நடைமுறை விளைவு முக்கியமானது. சாதாரணச் சன்ஸ்க்ரீன் தெரியும் ஒளியை அப்படியே உள்ளே விட்டுவிடும். தடுப்பது இரும்பு ஆக்சைடு கலந்த, தோல்நிறச் சாயல் உள்ள சன்ஸ்க்ரீன். கோயில் மதிலில் சுண்ணாம்பு வெள்ளையோடு மாறி மாறி அடிக்கும் காவியின் நிறமும் இரும்பு ஆக்சைடுதான். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல்நீளப் பிதுக்கல் அளவு வேண்டும். வியர்த்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை மறுபடி. கடுகளவு எடுத்துத் தடவுவதால் காசுதான் செலவு. வயலில் வேலை செய்பவருக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. முந்தானையை இழுத்துக் கட்டிய முக்காடும் அகல விளிம்புத் தொப்பியும் அங்கே நிஜமான மருந்து.

நெற்றியின் நடுவில் மட்டும் கறுத்தால் மங்கைத் தவிர இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்போ, வெண்காரமும் எலுமிச்சைச் சாறுமோ சேர்ந்தால் மஞ்சளின் நிறமி சிவக்கும்; பழைய குங்குமம் அப்படிச் செய்தது. திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றிய மாடவீதிகளில் கோபுரமாகக் குவித்து விற்கும் எல்லா வண்ணக் குங்குமமும் அந்த வழியில் வந்தது என்று சொல்ல முடியாது. மலிவான சரக்கில் சிவப்பு தருபவை அசோ வகைச் செயற்கைச் சாயங்கள். சிலருக்கு அவை ஒவ்வாமல் போகின்றன. அரிப்போ சிவப்போ பெரிதாக இல்லாமல் நேரடியாகச் சாம்பல்-கருமையாக இறங்குவது இந்த ஒவ்வாமையின் தந்திரம். சிங்கப்பூரில் 1980-களிலேயே குங்குமத்தால் வந்த இத்தகைய கருமை மருத்துவ இதழில் பதிவானது. ஸ்டிக்கர் பொட்டு நேர் எதிராகச் செய்யும். அதன் பசையில் இருந்த பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்-ஃபீனால் நிறமிச் செல்களைக் கொன்று, பொட்டின் அளவுக்கே அச்சாக வெண்புள்ளி விடுவதை இந்திய மருத்துவர்கள் 1990-இல் காட்டினார்கள். இரண்டுக்கும் முதல் சிகிச்சை, இட்டுக்கொள்வதை நிறுத்துவது. சுமங்கலியிடம் இதைச் சொல்வது மருந்துச் சீட்டு எழுதுவதைவிடக் கடினம். பொட்டை வகிட்டுக்கு மாற்றுவதும், சாயமில்லாத மஞ்சள் குங்குமத்துக்கு மாறுவதும், கண்மைப் பென்சிலால் வரைவதும் மருத்துவர்கள் பேரம்பேசிக் கண்ட வழிகள்.

மங்குக்குப் பெண்கள் முதலில் போவது தோல் மருத்துவரிடம் அல்ல, மருந்துக்கடைக்கு. இந்தியாவில் 1975-இல் சிவப்பழகு க்ரீம் ஒன்று பெருஞ்சந்தைக்கு வந்தது முதல் வெளுப்பே அழகு என்ற விளம்பரம் ஓயவில்லை. 2009-இல் சென்னையின் விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியதும், அந்த க்ரீம் 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்ததும் பிந்திய கதைகள். அந்த விளம்பர க்ரீமைவிடப் பெரிய கேடு சத்தமில்லாமல் கடையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன், ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்கு ஒரு பூச்சு வகுத்தார். முதலாவது நிறமியைச் செய்யும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கும்; இரண்டாவது மேலடுக்கை விரைவாக உதிரவைக்கும்; இவை இரண்டின் எரிச்சலை அடக்கத்தான் மூன்றாவது. மிஞ்சினால் எட்டு வாரத்துக்கான மருந்து. இந்தியச் சந்தையில் இதன் பிரதிகள் வீரியமான ஸ்டீராய்டோடு வந்தன. பக்கத்து வீட்டக்கா பெயரைச் சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

ஸ்டீராய்டு முதல் இரண்டு வாரம் அற்புதம் செய்யும். ரத்தக்குழாய் சுருங்கி முகம் வெளுக்கும், பரு அமுங்கும், பளபளப்பு வரும். மாதங்கள் போனால் தோல் காகிதமாக மெலிந்து, சிவந்த ரத்தக்குழாய்க் கோடுகள் தெரியும். நிறுத்தினால் எரிச்சலும் பருவும் பழையதைவிட மோசமாகத் திரும்பும். பயந்துபோய் மறுபடி தடவுவார்கள். கூடவே முகத்தில் முடி வளரும். மங்கைப் போக்க வாங்கிய க்ரீம் மீசையைக் கொடுக்கிறது, மீசைக்கு நூல் போட்ட இடம் கறுக்கிறது, கறுப்புக்கு மறுபடி அதே க்ரீம். இந்தச் சுழலில் சிக்கிய முகத்துக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் 2008-இல் 'ஸ்டீராய்டால் சிதைந்த முகம்' என்று தனிப் பெயரே வைத்தார்கள். அவர்களுடைய சங்கம் பல ஆண்டுகள் வற்புறுத்தியபின் 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத எச் பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது, சீட்டில்லாமல் க்ரீமும் கிடைக்கிறது. சிக்கியவர்கள் ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. வீரியம் குறைந்ததற்கு மாறி, இடைவெளி விட்டு, மருத்துவர் மேற்பார்வையில் பல வாரங்களில் இறங்கிவர வேண்டும்.

பெயர்ப்பட்டியோ உற்பத்தியாளர் முகவரியோ இல்லாத வெளுப்பு க்ரீம்களில் பாதரசம் இருக்கும் அபாயம் உண்டு. அதுவும் டைரோசினேஸைத் தடுக்கிறது. தோல் வழியே ஏறிச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுக்கிறது. 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கால்வீக்கத்தோடு வந்தவர்களின் சிறுநீரில் புரதம் கொட்டுவதற்குக் காரணம் தேடிய மருத்துவர்கள் இத்தகைய க்ரீமில்தான் போய் நின்றார்கள். நல்ல வேளையாக, நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சிறுநீரகம் மீள்கிறது.

மங்குக்கு முறையான சிகிச்சை மெதுவானது. சாயலுள்ள சன்ஸ்க்ரீன் அடித்தளம். அசலேயிக் அமிலம், ட்ரெடினாயின், அளவான காலத்துக்கு ஹைட்ரோகுவினோன் அதன்மேல். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் தடவினால் நீலக்கருமை நிரந்தரமாக ஏறிவிடும். ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதியர் ரத்தப்போக்கை நிறுத்த 1962-இல் உருவாக்கிய ட்ரானெக்ஸாமிக் அமிலத்துக்கு மங்கை வெளுக்கும் குணமும் உண்டு என்பது 1979-இல் அங்கேயே தற்செயலாகத் தெரிந்தது. இன்று குறைந்த அளவு மாத்திரையாகத் தரப்படுகிறது. ரத்தம் உறையும் போக்கு உள்ளவர்களுக்குக் கூடாது. ஈஸ்ட்ரஜன் மாத்திரையும் உறையும் போக்கைக் கூட்டுவது, மங்கையும் கிளப்புவது. மீசைக்கு ஒரு டாக்டரும் மங்குக்கு இன்னொரு டாக்டருமாக ஒரே பெண்ணுக்கு இரண்டையும் எழுதிவிட்டால் என்ன ஆகும் என்பது சொல்லாமலே விளங்கும். இரண்டையும் ஒரே சீட்டில் ஒருவர் பார்ப்பது இதனால்தான் முக்கியம். திருவண்ணாமலையில் 2013-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியில் தோல், மகப்பேறு, பொது மருத்துவம் மூன்று துறைகளும் ஒரே வளாகத்துக்குள் இருப்பது இந்த வகையில் வசதி.

பருவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இருபத்தைந்து வயதுக்குமேல் தாடையோரத்திலும் கழுத்திலும் மாதவிலக்குக்கு முந்தைய வாரம் வீங்கி எழும் பரு, ஆண்ட்ரஜனின் கைவேலை. முகமுடிக்குத் தரும் மாத்திரைகளே இதற்கும் உதவுகின்றன. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாக வந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிந்து இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கடும்பருவுக்குத் தரும் ஐசோட்ரெடினாயின் கருவைச் சிதைக்கக்கூடியது; கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்யாமல் தொடக்கூடாது. கர்ப்பிணிக்கு மேலே சொன்னவற்றில் அசலேயிக் அமிலம், சன்ஸ்க்ரீன், நூல், சவரம் தவிர ஏறக்குறைய எல்லாமே தள்ளிவைக்கத் தக்கவை. கர்ப்பத்தில் வந்த மங்கும் முடியும் பிரசவத்துக்குப் பின் பல மாதங்களில் தாமே குறைவதும் உண்டு.

மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரஜன் சட்டென்று வடிந்துவிடுகிறது. ஆண்ட்ரஜன் மெதுவாகவே குறைகிறது. தராசின் தட்டு சாய்ந்து, அறுபது வயதில் தாடையில் நாலைந்து முரட்டு முடி எட்டிப்பார்ப்பது இதனால். மங்கு இந்த வயதில் பெரும்பாலும் தானே மங்கிவிடும். அந்த நாலைந்து முடியும் நரைத்திருந்தால் லேசருக்குப் பிடிக்க அதில் நிறமி இல்லை. மின்னூசி பிடிக்கும், இல்லாவிட்டால் வெளிச்சமான ஜன்னலோரமும் ஒரு சிறு இடுக்கியும் போதும்.